கிராம சபைக்கு ஜனங்களை அழைக்கும் முறை

தூத்துக்குடிக்கு வடக்கே, ஒட்டப்பிடாரம் தாலூகாவின் கடலோரத்தில் அமைந்துள்ள தருவைகுளம் மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன ஊராகும். மழைநீர் பரந்து தேங்கும் தாழ்ந்த நிலத்தைத் தென்சீமையில் தருவை என்பர். இந்தக் கரையில் கடல், உப்பளம், கரிசற் புஞ்சை என்னும் மூன்று ஜீவனங்களும் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. ஒரு சாராருக்கு ஓய்வான மாதம் மற்றொரு சாராருக்கு மும்முரமான வேலைக்காலம். ஆதலால் இத்தகைய பிரதேசத்தில் கிராம சபைக்கு எல்லோரையும் வரவழைப்பது உள்நாட்டு நஞ்சைக் கிராமங்களில் உள்ளதைப் போல் சுலபமன்று.

சபை கூடுவது வெறும் சடங்கு எனக் கருதுவோர் 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை ஊன்றிப் படித்தல் நலம். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் அங்கீகரிப்பதும், தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பதும் அச்சபையின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஒரு கூட்டத்திற்கும் அடுத்ததற்கும் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022-ம் வருஷத்தில் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டன.

இத்தேதிகளைப் பருவங்களோடு ஒத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. ஆகவே மே முதல் தேதியில் படகுக்காரர் கரையில் இருப்பர். ஆனால் அதுவே உப்பளங்களில் வெயில் உச்சமாகி உப்பு வாரும் வேலை மிகுந்திருக்கும் சமயம். நவம்பர் முதல் தேதியிலோ வடகிழக்குப் பருவமழை தொடங்கி, பாத்திகளில் நீர் தேங்கி, உப்பளத் தொழிலாளர் வேலையின்றி வீட்டில் இருப்பர். அவ்வேளையில் குடியானவர்கள் களையெடுப்பில் ஈடுபட்டிருப்பர். அக்டோபர் 2-ல் அவர்களுக்கு விதைப்புக் கவலை. மார்ச் 22-ல் கரிசலில் அறுவடை பெரும்பாலும் முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும். கண்மாய், ஊருணி, ஓடைகளின் தூர் பற்றி விவாதிக்க அதைவிட ஏற்ற நாள் வேறில்லை.

ஓடையைப் பற்றிய பேச்சில் மூன்று சாராரும் இருந்தாக வேண்டியதன் காரணம் யாதெனில், புஞ்சைக்காரர் நீரைத் தடுத்து நிறுத்த விரும்புவர். உப்பளக்காரர் அந்நீர் தம் பாத்திகளில் புகாமல் திருப்பிவிட விரும்புவர். கரையில் வசிப்போருக்கு அந்நீர் தம் தெருவில் நில்லாமல் கடலில் சேர வேண்டும். ஒருவர் இல்லாத கூட்டத்தில் மற்றவர் தீர்மானம் செய்தால், அடுத்த மழையில் அது வழக்காக மூளும். 1923-ல் நடந்த பழங்கதையன்று. 2023 டிசம்பரில் இதே ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, நீர் வழிந்தோடும் பாதைகளின் அருமையை எல்லா ஊராரும் உணர்ந்தனர்.

நிற்க, அறிவிப்பு விஷயம். தண்டோரா போடுவதே முற்காலத்து வழக்கம். அத்தொழிலில் ஒரு ஜாதியாரையே பிணைத்து இழிவுபடுத்தியதால், 2022 ஆகஸ்டில் அரசாங்கத்தின் தலைமைச் செயலாளர் அதனைக் கைவிடுமாறு ஜில்லா அதிகாரிகளுக்கு எழுதினார். ஒலிபெருக்கி வைத்த வண்டி அதன் ஸ்தானத்துக்கு வந்துள்ளது. ஆயினும் பகல் பதினோரு மணிக்குத் தெருவில் சுற்றும் வண்டியின் சத்தம், விடியுமுன் பாத்தியில் இறங்கியவருக்கும், கடலில் சில நாட்கள் தங்கி வலைவிடுபவருக்கும் கேளாது. மீன் ஏலம் நடக்கும் இடத்திலும், உப்பள வாயிலிலும், உரமும் விதையும் விற்கும் கடையிலும் ஒரு வாரம் முன்னதாகத் தாள் ஒட்டுவதே பலன் தரும். தாளில் நாளும் இடமும் மட்டும் போதா. இன்ன ஓடை, இன்ன சாலை, இவ்வளவு ரூபாய் என்று விஷயமும் எழுதப்பட வேண்டும். விஷயம் அறியாதவன் வேலையை விட்டு வாரான்.

இக்கரைக்கு இது புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், அரசாங்கத்தார் முதலில் பார்களைப் பரிசோதித்து, குளிப்பு நடக்கும் நாளை நெடுநாள் முன்பே விளம்பரம் செய்வர்; அதைக் கண்டே தூரதேசங்களிலிருந்து குளியாளர்களும் வர்த்தகர்களும் வந்து சேர்ந்தனர். தூத்துக்குடியில் கடைசியாக அத்தகைய குளிப்பு 1961-ல் நடைபெற்றது.

திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று, சபையில் எதற்கெடுத்தாலும் வேண்டுமென்றே மறுத்து இடையூறு செய்வோருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. அப்பழைய சபை நிலமுடைய பிராமணருக்கு மட்டும் உரியது. இன்றைய சபையில் நிலமற்ற கூலியாளும் நூறு ஏக்கர் மிராசுதாரும் சமம். இந்த வித்தியாசத்தை நிலச்சுவான்தார்களிற் சிலர் இன்னும் மனதார ஒப்பவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

ஆஜர் விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். ஜனத்தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வரவேண்டுமென விதி செய்யப்பட்டுள்ளது. கூட்டம் முடிந்தபின் வீடுவீடாகச் சென்று கையொப்பம் வாங்கித் தொகையைப் பூர்த்தி செய்வது சபையை நடத்தியதாகாது. கூடிய இடத்திலேயே தீர்மானங்களை உரக்க வாசித்து, அதன் பிறகே கையொப்பம் பெறவேண்டும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிவடைந்து, தூத்துக்குடி ஜில்லாவிலும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2016 முதல் 2019 வரையிலும் அவ்வாறே இருந்தது. தலைவரும் அங்கத்தினரும் இல்லாத அத்தகைய காலங்களில், கணக்கைக் கேட்பதற்கு ஊராருக்குள்ள இடம் கிராம சபை ஒன்றே. ஆதலின் ஊராட்சிச் செயலரும் கிராம நிர்வாக அதிகாரியும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பத்து நாட்களுக்கு முன்பே படகுக்காரர் சங்கத்தாரையும், உப்பளத் தொழிலாளரையும், புஞ்சைக்காரரையும் தனித்தனியே கண்டு, எந்த மணி அவர்களுக்கு ஏற்றதென விசாரித்து, அதை அறிவிப்பில் எழுதுவார்களாக.