புற்றுநோய் மருந்தும் பக்க விளைவுகளும்

புற்றுநோய் என்றதும் நம் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் நினைவு வருகிறது. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த அவர், இதற்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் பாடுபட்டார். அதன் பயனாக 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்நோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவை முக்கியமான சிகிச்சைகளாகும். மருந்துகள் பலவும் இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுகின்றன. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் இவ்வாறு இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் மருந்துகளுள் ஒன்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இது பயன்படுகிறது. (அச்செடியின் இலையும் வேரும் நச்சுத்தன்மை உடையவை, வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கலாகாது.)

புற்றுநோய்ச் செல்கள் அடங்காமல் பெருகிக்கொண்டே இருப்பவை. பெருகும் செல்லை இம்மருந்துகள் தாக்குகின்றன. ஆனால் மருந்துக்குப் பகைவன் யார், நண்பன் யார் என்று தெரியாது! நம் உடலில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் அடிபடுகின்றன. மயிர்க்கால் அடிபட்டால் முடி உதிர்கிறது. வாயின் உட்புறம் அடிபட்டால் புண் உண்டாகிறது. குமட்டலும் சோர்வும் வரலாம். வின்கிரிஸ்டின் நரம்புகளையும் பாதிப்பதால் விரல்கள் மரத்துப்போய், பேனா பிடிப்பதும் பொத்தான் போடுவதும் கடினமாகலாம், மலச்சிக்கலும் வரலாம். மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் இவை மாறுபடும். உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ, உடலில் அரிப்போ, மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது காய்ச்சல். எலும்பு மஜ்ஜை அடிபடுவதால், பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்த வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது சிறு கிருமியும் உயிருக்கு ஆபத்தாகும். வெப்பமானி 100.4 டிகிரி பாரன்ஹீட்டைக் காட்டினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதும், நாமே காய்ச்சல் மாத்திரை கொடுத்துச் சூட்டை மறைப்பதும் தவறு.

நம் வீடுகளில் நோயை மறைக்கும் வழக்கம் உண்டு. பெண்கள் தம் வலியைச் சொல்வதே இல்லை. பிறருக்குத் தொல்லை என்று எண்ணி அடக்கிக்கொள்கிறார்கள். சொன்னால்தானே மருத்துவர் மருந்தின் அளவை மாற்றவும், குமட்டலைத் தணிக்கவும் முடியும்? ஆகவே அம்மாவோ பாட்டியோ இச்சிகிச்சை பெற்றால், நாம் ஒரு நோட்டில் நாள்தோறும் அவர்களின் உடல்வெப்பம், உணவு, வலி ஆகியவற்றைக் குறித்து மருத்துவரிடம் காட்டலாம். சளி, இருமல் உள்ளவர்கள் அருகில் செல்லாதிருக்கலாம். தலையில் துணி கட்டி வரும் தோழியை உற்று நோக்காமல், எப்போதும்போல் அருகில் அமர்த்திக்கொள்வோம்.