கணனி அடிக்கடி நின்று போகிறதா? போமட் பண்ணுவதற்கு முன் ரேமைப் பாருங்கள்

சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைக்காகக் கடன்பட்டாவது ஒரு பழைய கணனியோ லெப்டொப்போ வாங்கிப் போட்டிருக்கும் வீடுகள் நம் லயங்களில் இன்று நிறைய. ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் திரை நீலமாகி, ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து, தானாக அணைந்து எரியும். (வின்டோஸ் 11இல் 2025 முதல் இந்தத் திரை கறுப்பு நிறத்தில் வருகிறது. நிறம்தான் வேறு, நோய் ஒன்றுதான்.) டவுனுக்குக் கொண்டு போனால் "வைரஸ் அக்கா, போமட் பண்ணணும்" என்பார்கள். காசு கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு கிழமையில் பழைய குருடி கதவைத் திறடி.

எல்லாத் தடவையும் வைரஸ் இல்லை. ரேம் என்கிற நினைவகம் தளம்பினாலும் இதே கூத்துத்தான் நடக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

ரேம் என்ன வேலை செய்கிறது? கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கிலோவை முதலில் ஒரு துண்டில் குறிக்கிறார்கள், பிறகுதான் அது செக்ரோலில் ஏறுகிறது. அந்தத் துண்டு மாதிரித்தான் ரேம். செக்ரோல் மாதிரி என்றைக்கும் வைத்திருப்பது ஹார்ட் டிஸ்க். கணனி செய்கிற எந்த வேலையும் துண்டில் எழுதித்தான் நடக்கும். கரண்ட் போனால் துண்டு வெறுமையாகிவிடும்.

ரேமுக்குள்ளே இருப்பது மிகச் சிறிய மின்தேக்கிகள். ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 8 ஜிபி ரேமில் இப்படி ஏறக்குறைய 6,870 கோடி அறைகள். ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செக்கனுக்கு ஒரு முறையாவது எல்லா அறையையும் வாசித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். ஓர் அறை பலவீனமாகி, நிரப்புகிற முறை வருமுன்னே வற்றிப் போனால் 1 என்பது 0 ஆகிவிடும்.

ஒரே ஓர் அறைதானே என்று நினைக்காதீர்கள். 18 என்ற எண்ணைக் கணனி 10010 என்று எழுதும். முதல் 1 மட்டும் அழிந்தால் 00010, அதாவது 2. பதினெட்டுக் கிலோ பறித்த அம்மாவுக்கு இரண்டு கிலோ விழுந்த கதைதான். துண்டில் பிழை இருந்தால் செக்ரோலிலும் அதே பிழை ஏறும். கணனி நின்று போவதைவிட இதுவே எனக்குப் பெரிய பயம். நின்றால் நமக்குத் தெரிகிறது. நிற்காமல் பிள்ளையின் ஒப்படையையோ, ஸ்கேன் செய்து வைத்த பிறப்புச் சான்றிதழையோ, கல்யாணப் படங்களையோ பிழையாகச் சேமித்தால் யாருக்குத் தெரியும்? இந்த நிலையில் போமட் பண்ணினால், புதிதாக ஏற்றுகிற வின்டோஸும் அதே பழுதான துண்டு வழியாகத்தான் டிஸ்குக்குப் போகும்.

அடையாளம் எப்படி? ஒரே புரோகிராமைத் திறக்கும்போது மட்டும் நின்றால் குற்றம் பெரும்பாலும் அந்தப் புரோகிராமில். விசிறி பலமாகச் சத்தம் போட்டு, உடம்பு சுட்ட பிறகு அணைந்தால் சூடு. ரேம் பழுது என்றால் ஒழுங்கே இருக்காது. இன்றைக்குப் பாட்டுக் கேட்கும்போது, நாளைக்குச் சும்மா இருக்கும்போது. திரையில் வருகிற பிழைப் பெயரும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருக்கும். அந்தப் பெயர்களை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். கடைக்காரத் தம்பியிடம் பேச அது பெரிய உதவி.

இனி சோதனை. வின்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. தேடும் இடத்தில் "வின்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்" என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் வரும். திறந்துள்ள வேலைகளைச் சேமித்து மூடிவிட்டு, மீளத் தொடங்கச் சொல்லுங்கள். சோதனைத் திரை வந்ததும் எஃப்1 விசையை அழுத்தி விரிவான சோதனையைத் தெரிவு செய்யலாம். லெப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றக் கூடாது. ஆனால் இந்தக் கருவி "பிழை இல்லை" என்று சொன்னதை வைத்து மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள், சில பிழைகள் இதில் மாட்டுவதில்லை. மெம்டெஸ்ட்86 ப்ளஸ் என்ற இலவசப் புரோகிராம் இன்னும் கடுமையானது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணனியைத் தொடங்கி, இராத்திரி முழுக்க ஓட விட வேண்டும். விடிய எழும்பிப் பார்க்கும்போது பிழை எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும் சந்தேகம்தான்.

பிழை வந்தால் உடனே புது ரேம் வாங்க ஓட வேண்டாம். மலைநாட்டு ஈரமும் தூசியும் ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் படிந்திருக்கலாம். கணனியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, லெப்டொப்பில் கழற்ற முடிந்தால் பற்றரியையும் எடுத்து, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தொடுமுன் வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டையோடு இந்த வேலை வேண்டாம், உடம்பில் சேரும் நிலைமின் ஒரு பொறியிலேயே ரேமைக் கொன்றுவிடும். பலகையை ஓரத்தில் பிடித்து எடுத்து, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் தொடுமுனையை மெதுவாகத் துடைத்து, காய்ந்த பிறகு சரியாக அமரும்வரை செருகுங்கள். திரும்பச் சோதியுங்கள். பல தடவை நோய் இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், இரண்டு பலகை இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதியுங்கள். பிறகு அதே துளையில் அடுத்ததைப் போடுங்கள். ஒன்று மட்டும் பிழை காட்டினால் பழுது அந்தப் பலகையில். ஒரு துளையில் போட்டால் இரண்டும் பிழை, மற்றத் துளையில் போட்டால் இரண்டும் சரி என்றால் பழுது மதர்போர்ட்டில். அது செலவான விசயம், விலை கேட்டுவிட்டு யோசிக்கலாம். மேசைக் கணனியில் யாராவது பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்று வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள், காசில்லாத வைத்தியம். மெல்லிய லெப்டொப் சிலவற்றில் ரேமைப் போர்ட்டிலேயே ஒட்டியிருப்பார்கள், அதை வீட்டில் கழற்ற முடியாது.

புதிது வாங்கப் போகும்போது பழைய பலகையைக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகை உண்டு. வெட்டு இருக்கும் இடம் மாறும், ஒன்றின் துளையில் மற்றது ஏறாது. அமுக்கிப் பார்த்தால் துளைதான் உடையும். உத்தரவாதச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்கி, அன்றிரவே புது ரேமையும் மெம்டெஸ்டில் ஓட விடுங்கள். அது தேறிய பிறகுதான் போமட் தேவையா என்று பார்க்க வேண்டும். பழுதாக இருந்த நாட்களில் பென் டிரைவுக்கு எடுத்த படங்களையும் கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, திறக்காதவற்றை மூலப் பிரதியிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.