வண்டிக்கும் மூச்சு உண்டு

ஐதராபாத் நகரின் வடக்குப் பக்கத்தில் போவன்பள்ளி இருக்கிறது. அது செகந்திராபாத்தை ஒட்டிய பகுதி. அங்கே டாக்டர் அம்பேத்கர் பெயரில் பெரிய காய்கறிச் சந்தை உண்டு. அந்தப் பக்கமாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலை வடக்கே ஸ்ரீநகர் வரை நீள்கிறது. தெற்கே சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை வருகிறது.

விடியும் முன்பே சந்தை விழித்துவிடும். மேட்சல், தூப்ரான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்கறி வரும். லாரியில் வரும். பிக்கப் வண்டியிலும் வரும்.

பிக்கப் வண்டி லாரியைவிடச் சிறியது. வயல் ஓரம் வரை போகும். நகரத்துச் சந்திலும் நுழையும். அதனால் சிறு வியாபாரிகளும் டிரைவர்களும் இதை விரும்பி வாங்குகிறார்கள். பலர் கடனில் வாங்குகிறார்கள். வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடும். ஆனால் மாதத் தவணை நிற்காது. ஆகவே, வண்டியின் இன்ஜினைப் பற்றித் தெரிந்துகொள்வது பிழைப்பைக் காக்கும் அறிவு.

வண்டியின் எண்கள்

நம் நாட்டுச் சாலைகளில் அதிகம் பார்க்கும் பிக்கப் வண்டிகளில் ஒன்று மகிந்திரா பொலிரோ பிக்கப். அதில் வரும் ஒரு டீசல் இன்ஜினின் அளவுகளைப் பாருங்கள்.

சிலிண்டர்கள்: 4
கொள்ளளவு: 2523 சி.சி.
திறன்: சுமார் 75 குதிரைத் திறன்
இழுவை: 200 நியூட்டன் மீட்டர்
டர்போ: உண்டு

2523 சி.சி. என்றால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். நான்கு சிலிண்டர்களிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் மொத்த அளவு அது. குதிரைத் திறன் அதிகமானால் வண்டி வேகமாக ஓட முடியும். இழுவை அதிகமானால் பாரத்தோடு கிளம்பவும் மேடு ஏறவும் முடியும். டர்போ இருப்பதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கிடைக்கிறது. சரக்கு வண்டிக்கு இதுதான் முக்கியம்.

டர்போ என்ன செய்கிறது?

அடுப்பு எரியக் காற்று வேண்டும். ஊதுகுழலால் ஊதினால் தீ நன்றாகப் பிடிக்கும். டர்போவும் ஓர் ஊதுகுழல்தான்.

டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்தும். அழுத்தும்போது காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். இந்த முறையில் ஓடும் இன்ஜினை ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எண்ணெய்க்கும் வந்தது.

எரிந்த புகை சூட்டோடும் வேகத்தோடும் வெளியே போகிறது. அது வீணாகத்தானே போகிறது? அதைப் பயன்படுத்த ஒரு வழி கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஹி. அவர் 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

டர்போவில் இரண்டு சிறிய சக்கரங்கள் உண்டு. இரண்டையும் ஒரே தண்டு இணைக்கிறது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரமும் சேர்ந்து சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். அதிகக் காற்று கிடைத்தால் அதிக டீசலை எரிக்கலாம். அதனால் இழுவை கூடும்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். பாரம் இழுக்கும்போது புகையின் சூடு 600 டிகிரியையும் தாண்டலாம். இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தண்டு எப்படித் தாங்குகிறது? இன்ஜின் ஆயில்தான் அதைத் தாங்குகிறது. தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. ஆயில் இல்லாவிட்டால் சிறிது நேரத்திலேயே தண்டு தேய்ந்துவிடும்.

முதல் நிமிடமும் கடைசி நிமிடமும்

செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அப்படி ஒரு குடும்பத்து இளைஞர் பிக்கப் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வண்டியில் டர்போ கெட்டுவிட்டது. மெக்கானிக் வயதில் மூத்தவர். இருவரும் பேசுகிறார்கள்.

"அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? திடீர்னு எப்படிப் போச்சு?"

"திடீர்னு போகல தம்பி. கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. சந்தைக்கு வந்ததும் வண்டியை எப்படி நிறுத்துவே?"

"உடனே சாவியைத் திருப்பிடுவேன். டீசல் மிச்சமாகுமே!"

"லோடோட வேகமா வந்திருப்பே. டர்போ நெருப்பா இருக்கும். அப்போ இன்ஜினை நிறுத்தினா ஆயில் ஓட்டம் நின்னுடும். உள்ளே தங்கின ஆயில் அந்தச் சூட்டுல கருகும். அந்தக் கருகல் நாளுக்கு நாள் சேர்ந்து ஆயில் குழாயை அடைக்கும்."

"அப்போ என்ன செய்யணும் அண்ணே?"

"கடைசிக் கொஞ்சத் தூரம் மெதுவா ஓட்டிட்டு வா. நிறுத்தினப்புறம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிடு. அப்புறம் சாவியைத் திருப்பு. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ரேஸ் கொடுக்காதே. ஆயில் மேலே ஏற ஒரு நிமிஷம் விடு. சரி, கடைசியா ஆயில் எப்போ மாத்தினே?"

"ஞாபகம் இல்லையே அண்ணே."

"எழுதி வெச்சியா?"

இளைஞர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துக் கேட்டார்: "புது டர்போ போட்டா சரியாகிடுமா?"

"டர்போவை மட்டும் மாத்தினா புதுசும் கெட்டுப்போகும். பழைய ஆயிலை இறக்கணும். ஆயில் பில்டரை மாத்தணும். அடைச்ச குழாயைச் சுத்தம் செய்யணும். ஏர் பில்டரையும் பார்க்கணும். காரணத்தைச் சரி பண்ணினாத்தான் வேலை நிக்கும்."

டர்போ மாற்றப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். காலையில் ஒரு நிமிடம், நிறுத்தும்போது இரண்டு நிமிடம் காத்திருப்பதற்கு ஆகும் டீசல் மிகக் கொஞ்சம்.

புகை சொல்லும் சேதி

சைலன்சர் புகையின் நிறத்தைப் பாருங்கள். கோளாறு எங்கே என்று அது ஓரளவு சொல்லும்.

கறுப்புப் புகை: டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். மண் சாலையில் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் கிழிந்தாலும் கறுப்புப் புகை வரும். வண்டி இழுக்காது. காற்று கசியும் ஓசையும் கேட்கலாம். இன்ஜெக்டர் கோளாறும் காரணமாக இருக்கலாம்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. டர்போ சீல் போயிருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள். மெக்கானிக்கிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் சிறிது வந்தால் பயமில்லை. சூடான பிறகும் விடாமல் வந்தால் கவனம் தேவை. ஹெட் கேஸ்கட் பழுதாகி, ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகலாம். டீசல் சரியாக எரியாமலும் போகலாம்.

அரிதாக ஓர் ஆபத்தும் நேரும். டர்போ சீல் முழுதும் போனால், இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரிக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. சத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளட்சை விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றுவிடும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். வண்டியைவிட உயிர் பெரிது.

விளக்கு எரிந்தால்

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். இங்கே இரண்டு நிமிடம் காத்திருக்கக் கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாத நேரம் அது. "சந்தை பக்கம்தானே, போய்விடலாம்" என்று ஓட்டினால் முழு இன்ஜினும் போய்விடலாம்.

சூட்டு விளக்கு எரிந்தாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு கூலன்ட் அளவையும் பேன் பெல்ட்டையும் பாருங்கள்.

புது இன்ஜின்களில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் தூவப்படுகிறது. அது காற்றழுத்தத்தைப் போல 1000 மடங்குக்கும் மேல். ஆகவே டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் இன்ஜெக்டர் கெடும். டீசல் பில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் டீசல் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்தது. அதன்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் சொன்னபடி நல்ல சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். அந்தச் சூட்டில் கரி எரிந்துவிடும். ஆயிலும் கையேட்டில் சொன்ன வகையே ஊற்ற வேண்டும்.

பத்து ரூபாய் நோட்டு

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். செய்த வேலையை அன்றே எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

தேதி: 12ஆம் தேதி, ஜூன்
ஓடிய கி.மீ.: 42,350
செய்த வேலை: ஆயில், ஆயில் பில்டர் மாற்றியது
அடுத்த முறை: 52,350

எப்போது மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அது வண்டிக்கு வண்டி மாறும். மேலே உள்ள கணக்கு 10,000 கி.மீ.க்கு ஒரு முறை என்ற வண்டிக்கு. தூசியும் பாரமும் அதிகமானால் முன்னதாகவே மாற்றுவது நல்லது. நினைவு மறக்கும். எழுத்து மறக்காது. வண்டியை விற்கும்போதும் அந்த நோட்டு சாட்சி சொல்லும்.

பயிற்சி

1. டர்போ சக்கரத்தைச் சுற்றுவது எது?
2. வண்டியை நிறுத்தும்போது ஏன் சற்றுக் காத்திருக்க வேண்டும்? எப்போது காத்திருக்கக் கூடாது?
3. கறுப்புப் புகை வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
4. ஒரு வண்டி 1,700 கிலோ பாரம் ஏற்றலாம். ஒரு தக்காளிப் பெட்டி 25 கிலோ. எத்தனை பெட்டி ஏற்றலாம்? 80 பெட்டி ஏற்றினால் எத்தனை கிலோ அதிகமாகும்?
5. உங்கள் ஊரில் பிக்கப் ஓட்டும் ஒருவரிடம் கேளுங்கள்: அவர் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்? அதை எழுதி வைத்திருக்கிறாரா?