பயறும் பூசணமும்

பயறுக்கு உரம் எதற்கு, வேர் முடிச்சே போதுமே என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வதுண்டு. தழைச்சத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. ஆனால் அவ்வேலைக்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகும். ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளுக்கு மணிச்சத்து இன்றியமையாதது. ஆகவே மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் முடிச்சும் சிறுக்கும், செடியும் குன்றும்.

இத்தனைக்கும் மண்ணில் மணிச்சத்து அறவே இல்லாமற் போவதில்லை. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு நிலத்தில் சுண்ணாம்போடும் பிணைந்து கிடக்கிறது. கரைந்திருக்கும் சிறு பகுதியும் இடம் விட்டு எளிதில் நகராது. தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சியபின் வேருக்கு வறுமைதான்.

இங்கேதான் வேர் உட்பூசணம் துணைக்கு வருகிறது. வேரும் பூசணமும் கூடி வாழும் இவ்வாழ்வுக்கு 1885இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டவர் ஃபிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார். (அவர் ஆராய்ந்தது காட்டு மரங்களின் வேரைப் போர்த்தும் வகை, பயறினுடையது வேருக்குள் புகும் வகை.) இதன் இழைகள் வேர்த்தூவியினும் மெல்லியவை. தூவி நுழைய மாட்டாத மண்துளையிலும் புகுந்து, பல சென்டிமீட்டர் அப்பாலிருந்தும் மணிச்சத்தைக் கொணரும். வேரின் உயிரணுவுக்குள் குட்டி மரம்போல் கிளைத்து நின்று அதனை ஒப்படைக்கும். கூலி சர்க்கரை, கொழுப்பும் உண்டென்பது 2017இல்தான் தெளிவாயிற்று.

காராமணி வேரைக் காரக் கரைசலில் வெளுக்க வைத்து, நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினேன். அக்குட்டி மரங்கள் அழகாகத் தெரிந்தன. கடுகின் வேரில் ஒன்றையும் காணோம். கடுகுக் குடும்பம் இப்பூசணத்தோடு உறவு கொள்வதில்லை. இங்கே வடக்கில் கடுகு அறுத்த நிலத்தில் கோடைப் பச்சைப்பயறு விதைப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அத்தகைய நிலத்திலும், நெடுநாள் வெறுந்தரையாய்க் கிடந்த நிலத்திலும், மேல்மண் அரித்த நிலத்திலும் பூசணம் குறைந்திருக்கக் கூடும். அங்கே வெளியிலிருந்து இடுவது தகும். ஏற்கெனவே நிறைந்துள்ள நிலத்திற்குப் பொட்டலம் வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு.

உயிருள்ள வேரின்றி இப்பூசணம் பெருகாது. ஆதலால் வெந்நீராவியில் பதப்படுத்திய மண்ணும் மணலும் நிரப்பிய தொட்டியில், பூசணத்தை அடியில் இட்டு மக்காச்சோளம் வளர்ப்பர். மூன்று திங்கள் கழித்து நீரை நிறுத்தித் தண்டை அறுத்து, வேரை நறுக்கி அம்மண்ணோடே கலந்தால் வித்து ஆயத்தம். அதனை விதைக்குச் சற்றுக் கீழே சாலில் இடவேண்டும். மேலே தூவினால் இளவேருக்கு எட்டாது. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினாலோ, செடியே பூசணத்தைப் புறக்கணித்துவிடும்.

ஒன்று மறவாதீர்: பூசணம் மணிச்சத்தைத் தேடிக் கொணருமே தவிர, படைக்காது. ஒவ்வோர் அறுவடையோடும் வெளியேறுவதைத் தொழுவுரமாகவோ பாறைப் பாஸ்பேட்டாகவோ ஈடுசெய்தே தீரவேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தம் வயலின் பயறுச்செடி ஒன்றை மெல்லிய வேர்கள் அறாமல் மண்ணோடு தோண்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொணர்ந்தால், சாயமேற்றிக் காட்டுகிறேன்.