பழவேற்காட்டுக் கரையில் கற்ற பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பது முதுமொழி. புத்தகத்தில் படித்த ஊரைக் காலால் நடந்தும் கற்க வேண்டும் என்பது எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையின் விருப்பம். ஆகவே ஜனவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இரு அருட்சகோதரிகளுடன் பழவேற்காடு சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோ மீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது இவ்வூர். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது.

முதலில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைக் கண்டோம். வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்றன! 1613ஆம் ஆண்டில் இங்கே எழுந்த கெல்டிரியா கோட்டை, 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாக விளங்கியது. இன்று அங்கே மேடும் அகழியும் முட்புதருமே மிச்சம். இத்துறையிலிருந்து துணிகள் கீழை நாடுகளுக்குச் சென்றன. மலேசியாவில் கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் பெலிக்காட், 'புலிக்காட்' என்னும் இவ்வூர்ப் பெயரே.

துணி மட்டுமா கப்பலேறியது? பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் அடிமைகளாக இங்கிருந்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டனர். டச்சுக்காரரின் பெயர்கள் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. கப்பலேற்றப்பட்டவர்களின் பெயரைச் சொல்ல அங்கே ஒரு கல்லும் இல்லை. ஆசிரியை இதைச் சொன்னபோது எங்களில் யாரும் பேசவில்லை.

இவ்வூரில் செவிவழிக் கதைகளும் உண்டு. மெக்காவில் புதிய கலீபாவுக்குப் பணிய மறுத்தவர்கள் நான்கு மரக்கலங்களில் ஏறி இக்கரை சேர்ந்தனர் என்பது இங்குள்ள இஸ்லாமியர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. மகிமை மாதா ஆலயம் 1515ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரால் தொடங்கப்பட்டது என்பது மரபு. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாக உள்ளன. மூன்று சமயத்தாரும் நெடுங்காலமாக ஒரே நீரை நம்பி வாழ்கின்றனர்.

பிறகு கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த மீனவப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். அவரைத் தாத்தா என்றே அழைத்தோம். 'பாடு' என்ற பழைய முறையை அவர் விளக்கினார். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைக்காது. ஆகவே நல்ல இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறை வைத்து வலை கட்டுகிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதை அடுத்தவருக்கு விட வேண்டும்.

"எல்லாருக்கும் பாடு உண்டா தாத்தா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"இல்லம்மா. பரம்பரையா உரிமை உள்ளவங்களுக்குத்தான். மத்தவங்களுக்கு மனக்குறை உண்டு, சண்டையும் வந்திருக்கு" என்று மறைக்காமல் சொன்னார்.

நியாயமான பங்கீடும் சிலரை வெளியே நிறுத்திவிடக்கூடும் என்பதை அன்று அறிந்தோம். இருளர் மக்கள் வலையின்றி, நீருக்குள் கையால் தடவி இறால் பிடிப்பதையும் அவர் சொல்லக் கேட்டு வியந்தோம்.

பாலத்தைக் கடந்து, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, கடற்கரை மணலில் நடந்தோம். கடலும் ஏரியும் கூடும் இடத்தை முகத்துவாரம் என்பர். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆற்று வெள்ளம் குறையும் காலத்தில் அலைகள் மணலைக் குவித்து இவ்வழியை அடைத்துவிடுகின்றன. அப்போது குஞ்சுகள் உள்ளே வர இயலாது. கோடையில் நீர் வற்றி உப்பும் மிகும். "வாய் அடைஞ்சா எங்க அடுப்பும் அடைஞ்சிடும்" என்றார் தாத்தா.

திரும்பும் வழியில் ஏரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்கக் கண்டோம். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் இட்டு, சேற்றை வடிகட்டி இரை தேடுகின்றன. அவை உண்ணும் பாசியிலும் நுண்ணிய உயிர்களிலும் உள்ள நிறப்பொருளே அவற்றுக்குச் செந்நிறம் தருகிறது. ஏரி கெட்டால் மனிதருக்கு மட்டுமன்றிப் பறவைக்கும் உணவில்லை.

அன்புத் தோழியரே! பழவேற்காட்டுக்குச் செல்வோர் நெகிழிப் பைகளை அங்கே விட்டு வராதீர்கள். பாதுகாப்பற்ற படகுகளிலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இங்கு உயிரிழந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் இறால் சமைக்கும் நாளில், மணல் அடைக்காத ஒரு முகத்துவாரத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களையும் ஒரு கணம் நினையுங்கள்.