விளக்கு அணைந்தால் மின்சாரம் போய்விட்டதா?
வீட்டு பியர் காய்ச்சலுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவதற்கு வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். மாநிலங்களில் கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் அனுமதி தந்தது 2013-ல். வெகுகாலம் வாசலில் புரொப்பேன் அடுப்பு மூட்டித்தான் காய்ச்சினார்கள். பனிக்காலத்தில் வெளியே நிற்க முடியாது. கராஜின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். அதனால் பலர் மின்சாரத்துக்கு மாறினார்கள். 5,500 வாட் ஹீட்டர், பி.ஐ.டி. எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, ரிலே, சுவிட்சுகள் என எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் தாங்களே வயரிங் செய்துகொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் அமெரிக்காவில் குடியேறி இந்த வேலையில் இறங்கும் நம்மவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பற்றிய விவரம் நேரடியாகத் தேவைப்படும். அதைப் பற்றிப் பரவலாக நிலவும் சில நம்பிக்கைகள் உயிரோடு விளையாடுபவை.

“பச்சை விளக்கு அணைந்துவிட்டது, இனி ஹீட்டரைத் தொடலாம்.”

தொடக்கூடாது. நம் ஊர் வீடுகளில் பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. பேஸை அறுத்துவிட்டால் கீஸருக்குள் மின்சாரம் இல்லை. அமெரிக்க வீட்டின் 240 வோல்ட் அப்படி வருவதில்லை. அங்கே இரண்டு கம்பிகளுமே உயிருள்ளவை. ஒவ்வொன்றும் தரைக்கு எதிராக 120 வோல்ட், ஒன்றுக்கொன்று 240. பெட்டியில் இருக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே அறுக்கிறது. மற்றது நேராக ஹீட்டருக்குப் போய் நிற்கும். சூடேறவில்லை, விளக்கும் எரியவில்லை. ஆனால் ஹீட்டரின் இரண்டு முனைகளிலும் 120 வோல்ட் இருக்கும்.

ரிலே அறுக்கும் அந்த ஒரு கம்பியையும் முழுதாக நம்ப முடியாது. சாலிட் ஸ்டேட் ரிலேயில் பிரிந்து சேரும் உலோகத் தொடுமுனை கிடையாது, குறைகடத்தி மட்டுமே. ‘ஆஃப்’ நிலையிலும் அதன் வழியே சில மில்லிஆம்பியர் கசியும். பழுதாகும்போது அது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கட்டுப்படுத்தி ‘நிறுத்து’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், ஹீட்டர் முழு வேகத்தில் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும். 23 ஆம்பியர் ஓடுகையில் இந்த ரிலே ஏறத்தாழ 25 வாட் வெப்பத்தை வெளிவிடும். நல்ல ஹீட் சிங்க் இல்லாமல் மூடிய பெட்டிக்குள் அடைத்து வைத்தால் சீக்கிரமே பழுதாகும்.

ஆகவே ரிலேக்கு முன்னால் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் அறுக்கும் இருமுனை கான்டாக்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதை மிச்சம் பிடிக்கும் வரைபடத்தை நான் ஏற்கமாட்டேன். கான்டாக்டரின் முனைகளும் என்றாவது ஒட்டிக்கொள்ளக்கூடும். அதனால் ஹீட்டரைக் கழற்ற வேண்டுமானால் சுவரிலிருந்து பிளக்கை உருவிய பிறகுதான்.

“30 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதே, ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடும்.”

பிரேக்கர் காப்பது வயரை. 5,500 வாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் இழுப்பது 23 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தொடர்ந்து ஓடும் சுமை பிரேக்கர் அளவில் 80 சதவீதத்துக்குள், அதாவது 24-க்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 30 ஆம்பியர் சர்க்யூட்டும் 10 கேஜ் செம்புக் கம்பியும் இந்தக் கணக்கில் வந்தவைதான். மனித இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியரே போதும். அந்தச் சிறு கசிவு பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பது வேறொரு கருவி: ஜி.எஃப்.சி.ஐ. போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் ஒப்பிட்டு, 4 முதல் 6 மில்லிஆம்பியர் வித்தியாசம் தெரிந்தாலே அறுத்துவிடும். நம் ஊர் ஆர்.சி.சி.பி.யின் உறவுதான், ஆனால் இன்னும் கூர்மையானது. நம் வீடுகளில் வழக்கம் 30 மில்லிஆம்பியர். ஜி.எஃப்.சி.ஐ. இல்லாமல் ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்சாரத்தில் காய்ச்சுவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

“நியூட்ரலும் எர்த்தும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தானே போகின்றன?”

போகின்றன. ஆனால் அவை சேர வேண்டிய இடம் வீட்டின் பிரதான பானல், உங்கள் பெட்டி அல்ல. பெட்டிக்குள் இணைத்தால் நியூட்ரலில் ஓடும் மின்னோட்டம் எர்த் கம்பியிலும் பெட்டியின் உடலிலும் பிரிந்து ஓடும்; ஜி.எஃப்.சி.ஐ. அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு இருக்கும் மூன்று துளை சாக்கெட்டில் தனி எர்த் கிடையாது. அதில் இந்தப் பெட்டியைச் செருகவே கூடாது.

“சிவப்புக் குமிழ் பொத்தான் இருந்தால் ஆபத்து வேளையில் கவலையில்லை.”

அது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில வரைபடங்களில் அந்தப் பொத்தானை அழுத்தினால், ஒரு ரெசிஸ்டர் வழியே கொஞ்சம் மின்சாரம் வேண்டுமென்றே எர்த்துக்குக் கசியும். கசிவைக் கண்டு ஜி.எஃப்.சி.ஐ. அறுக்கும். கெட்டிக்கார யோசனையாகத் தோன்றும். ஆனால் எர்த் கம்பி அறுந்திருந்தால்? ஜி.எஃப்.சி.ஐ. செத்துப்போயிருந்தால்? அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, அதுவும் அவசர நேரத்தில்.

சரியான முறை, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் கம்பியிலேயே பொத்தானைத் தொடராகப் போடுவது. காயிலுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் கான்டாக்டர் பிடித்து நிற்கும். பொத்தானை அழுத்தினாலும், கம்பி தானாக அறுந்தாலும், திருகு கழன்றாலும் விட்டுவிடும். கோளாறு எதுவானாலும் ‘ஆஃப்’ பக்கம் சாயும். இதோடு ஒரு ‘லாட்ச்’ சேர்த்துவிட்டால், கரண்ட் போய் வந்தபின் பெட்டி தானாக உயிர்பெறாது. ஆளில்லாத கராஜில், பார்லிச் சாறு வடித்துவிட்ட வெற்றுப் பாத்திரத்தில் ஹீட்டர் பழுக்கக் காய்வதை அது தடுக்கும்.

“100 டிகிரி என்று வைத்துவிட்டால் பி.ஐ.டி. பார்த்துக்கொள்ளும்.”

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில் பார்த்துக்கொள்ளும். அங்கே 65-க்கும் 68-க்கும் இடையிலான வித்தியாசமே பியரின் உடலை மாற்றும். 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பல் சுக்கானுக்காக ஆராய்ந்த அதே கட்டுப்பாட்டு முறை இங்கே அழகாக வேலை செய்கிறது. கொதிநிலையில் அதற்குக் கண் தெரியாது. கொதிக்க ஆரம்பித்ததும், எவ்வளவு வாட் கொடுத்தாலும் வெப்பநிலை நகராது. 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே 100 என்று வைத்தால் எட்டவே முடியாத இலக்கைத் துரத்தி ஹீட்டர் 100 சதவீதத்தில் நிற்கும், சாறு பொங்கித் தரையில் வழியும். 5,500 வாட் முழுதாகப் போனால் மணிக்கு 8 லிட்டருக்கு மேல் ஆவியாகும். கொதிக்கும்போது பி.ஐ.டி.யை மேனுவலுக்கு மாற்றி, 50 அல்லது 60 சதவீதம் என்று கையால் வைப்பதே முறை.

“எல்லா பாகத்திலும் யு.எல். முத்திரை இருக்கிறது.”

அது தனித்தனிப் பாகங்களுக்கான பாதுகாப்புச் சான்று. நீங்கள் கட்டிய பெட்டிக்கு அந்த முத்திரை ஒட்டாது. நீர் புகாத பெட்டி என்று வாங்கியதிலும், நீங்கள் துளைத்த ஒவ்வொரு ஓட்டையும் சரியான கிளாண்டால் அடைக்கப்பட்டிருந்தால்தான் அந்தத் தரம் நிற்கும். கம்பிகள் அடிப்பக்கமாக நுழையட்டும். நீராவி மேலேதான் போகும். உலோகப் பெட்டியின் கதவுக்கும் தனியாக எர்த் கம்பி இழுங்கள், கீலை நம்பாதீர்கள்.

கட்டி முடித்ததும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில்: ஹீட்டர் முழுதாக மூழ்கியிருக்கட்டும். ஜி.எஃப்.சி.ஐ.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிறகு ஹீட்டர் ஓடும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்தி, கான்டாக்டரின் வெளிமுனைகள் இரண்டையும் எர்த்துக்கு எதிராக மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் பூஜ்யம் காட்டிய பிறகு பார்லியை எடுங்கள்.