நாய்க்குட்டியை மார்புப்பட்டிக்கும் பிடிகயிற்றுக்கும் பழக்குதல்

மன்னார்த் தீவிலும் பெருநிலக் கரையிலும் உள்ள கமக்காரருக்கு

மன்னார் மாவட்டத்துக் கமக்காரரின் வளவுகளில் நாய் இல்லாத வளவு அரிது. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைவிப்போர் காட்டுப்பன்றிக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் காவலாக நாய் வளர்க்கின்றனர். தீவிலே மணற்றோட்டங்களில் கத்தரியும் மிளகாயும் செய்வோர், படலையை முட்டித் திறந்து உட்புகும் கழுதைகளை விரட்ட நாயையே நம்புகின்றனர். ஆயினும் அந்நாய் குட்டியாயிருக்கும் காலத்தில் அதனைக் கயிற்றில் நடக்கப் பழக்குவோர் மிகச் சிலரே. என்றோ ஒருநாள் ஊசி போடக் கொண்டுசெல்ல வேண்டுமென்றபோது கழுத்தில் ஒரு தும்புக்கயிற்றை முடிந்து இழுக்கிறோம். நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கின்றது. அல்லது கயிற்றைப் பிடித்தவனையே கடிக்கின்றது.

இதனை எழுதுபவன் பிறரைக் குறைகூறத் தகுதியுடையவன் அல்லன். விவசாயப் பாடசாலையில் எருத்துக்கன்றைப் பழக்கும் முறையைக் கற்றுத் தேறி வந்த நான், வீட்டில் வளர்த்த முதல் நாய்க்குட்டியைக் கழுத்துக் கயிற்றினால் வேலிக்கட்டையிற் கட்டிவிட்டு வயலுக்குப் போனேன். குட்டி கிடுகு வேலியைத் தாண்டிப் பாய்ந்து மறுபுறத்தில் தொங்கியது. அயல்வீட்டு மூதாட்டி கண்டு தூக்கிப் பிடித்தபடியால் உயிர் தப்பியது. அந்நாய் பின்பு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தது. ஆனால் என் கையிற் கயிற்றைக் கண்டால் கட்டிலின் கீழ் ஒளிந்துகொள்ளும். அதனால் அதற்கு ஒழுங்காக ஊசி போடவும் முடியவில்லை.

கழுத்தா, மார்பா?

எருது நுகத்தைக் கழுத்தில் தாங்குகிறதே, நாய்க்குட்டி ஏன் தாங்காது என்று கேட்பவர் உண்டு. எருத்துக்கன்றை நாம் இரண்டரை, மூன்று வயதுக்கு முன்னர் நுகத்திற் பூட்டுவதில்லை. பூட்டும்போதும் நுகம் அழுத்துவது கழுத்தின் மேற்புறத்துத் தடித்த தசையையும் திமிலின் முன்புறத்தையுமே, தொண்டையையன்று. இரண்டு மாத நாய்க்குட்டியின் கழுத்தோ நம் மூன்று விரல் அகலமே. கழுத்துக் கயிறு இறுகும்போது அதன் மூச்சுக்குழல் நெரிபடுகிறது, குட்டி இருமுகிறது, மூச்சுக்காகத் திமிறுகிறது. திமிறும் அளவுக்கு மேலும் இறுகுகிறது.

மார்பிற் சுமையைத் தாங்கும் நாய் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வட நாட்டு நாய்களே சான்று. 1925ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் என்னும் ஊரில் தொண்டையடைப்பான் நோய் பரவியபோது, அதற்கான மருந்தை அறுநூறு மைலுக்கு மேற்பட்ட பனிவழியிற் கொண்டுசேர்த்தவை சறுக்குவண்டி நாய்கள். அவற்றின் வார் யாவும் மார்பிலும் தோளிலும் பொருந்துமாறு தைக்கப்பட்டவை. 1916ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில், போரிற் கண்ணிழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பாடசாலை தொடங்கியது. இன்று கண்பார்வையற்றோரை நடத்திச் செல்லும் நாய்களும் உடலிற் பட்டி அணிந்தே பணிசெய்கின்றன.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மார்புப்பட்டி நோவு தராதபடியால், இழுத்தால் முன்னே போகலாம் என்று குட்டி கண்டுகொண்டால் வண்டிமாடுபோல் இழுக்கத் தொடங்கிவிடும். பட்டி குட்டியின் உடலைக் காக்கும். ஒழுங்காக நடக்கக் கற்பிப்பது நம் வேலை.

பட்டியை வீட்டிலேயே தைக்கலாம்

கடையில் விற்கும் பட்டி நன்றே. கிடையாதவர் பழைய பருத்திச் சேலையின் கரையை மூன்றாக மடித்து ஓர் அங்குல அகலமாகத் தைத்துக்கொள்ளலாம். வலை பொத்தத் தெரிந்தவர் வீட்டிலிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இரண்டு வளையங்கள் வேண்டும். ஒன்று கழுத்தின் அடியில், தோளுக்கு முன்னால் தளர்வாகக் கிடப்பது. மற்றது முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டைச் சுற்றுவது. முதுகின் மேல் ஒரு துண்டும் நெஞ்செலும்பின் மேல் ஒரு துண்டும் இவ்விரண்டையும் இணைக்கும். முதுகுத் துண்டிற் பிடிகயிற்றை மாட்டும் வளையத்தைத் தைக்கவேண்டும். அவ்வளையம் பித்தளையாயிருத்தல் நலம். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருவேறி அறுந்துவிடும்.

அளவெடுப்பதற்கு ஒரு நூலை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, நூலுக்கும் உடலுக்கும் இடையில் இரு விரல் நுழையுமளவு இடம் விடுக. பின்வளையம் கைக்குழியை உரசாமல் இரண்டு விரல் பின்தள்ளியே இருக்கவேண்டும். குட்டி விரைவில் வளருமாதலால் பட்டியிற் கொளுக்கிக்கு மூன்று நான்கு துளைகள் வைத்து, வாரம் ஒருமுறை விரலிட்டுப் பார்த்துத் தளர்த்துக.

நம் கரையோரத்திற் கைக்கெட்டும் பொருள் தங்கூசியும் வலைக்கயிறுமே. இவற்றை ஒருபோதும் குட்டியின் உடலிற் கட்டவேண்டாம். தங்கூசி மயிருக்குள் மறைந்து தோலை அறுப்பது வெளியே தெரியாது. புழு விழுந்த பின்னரே தெரியும். பிடிகயிற்றுக்கு மட்டும், ஒரு பாகம் நீளமுள்ள மெல்லிய பருத்திக் கயிறு போதும்.

பழக்கும் முறை

தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பது எட்டு வாரம் நிறைந்த பின்னரே தக்கது. வந்த குட்டிக்கு இரண்டு மூன்று நாள் வீடும் ஆட்களும் பழகட்டும். பின்பு பட்டியை அதன் உணவுக் கோப்பைக்கு அருகில் தரையில் வைத்துவிடுக. அது முகர்ந்து பார்க்கும், கடித்தும் பார்க்கும். கடித்து விளையாடத் தொடங்கினால் பட்டியை எடுத்துவிட்டு வேறொன்று கொடுக்கவேண்டும். பட்டி விளையாட்டுப் பொருளன்று.

இனிக் கைக்கூலி வேண்டும். உப்பில்லாமல் அவித்த மீனை முள் நீக்கி, நிலக்கடலைப் பருப்பளவு துண்டுகளாக்கி வைத்துக்கொள்க. கருவாடே கையிலிருப்பின் பலமுறை ஊறவைத்துக் கழுவி உப்பகற்றிய பின்னரே கொடுக்கலாம். கழுத்து வளையத்தை இடக்கையிற் பிடித்து, வலக்கையால் வளையத்தினூடாக மீன்துண்டைக் காட்டுக. குட்டி தானே தலையை நுழைத்து மீனை எடுக்கும். நாமாக அதன் தலைமேல் மாட்டுதலாகாது. மேலிருந்து வரும் கையைப் பருந்தின் நிழலைப்போல் அது அஞ்சும். இவ்வாறு ஐந்தாறு முறை செய்து நிறுத்திவிடுக. மறுநாள் தலை நுழைந்திருக்கையிலேயே மார்பு வளையத்தைக் கொளுவி, உடனே உணவை வைக்கவேண்டும். உண்டு முடித்ததும் கழற்றுக.

முதன்முறை பட்டியுடன் விட்டதும் சில குட்டிகள் கல்லாய் நின்றுவிடும். சில பின்னங்காலாற் சொறியும். சில மண்ணில் உருளும். இது பிடிவாதமன்று. உடலில் என்னவோ ஒட்டிக்கொண்டதென்ற திகைப்பே. சிறுவர் கூடி நின்று சிரிப்பதும் அதட்டுவதும் இவ்வேளையில் மிகுந்த கேடு செய்யும். ஒரு தேங்காய்ச் சிரட்டையை உருட்டிவிட்டாற் போதும். அதைத் துரத்துகையிற் பட்டியை மறந்துவிடும். கழற்றுவதற்கும் வேளை உண்டு. குட்டி திமிறும்போது கழற்றினால், திமிறினாற் கழற்றுவார் என்றே கற்கும். அது அடங்கி நிற்கும் ஒரு நொடியைப் பார்த்துக் கழற்றவேண்டும்.

நான்கைந்து நாளிற் பட்டி பழகிவிடும். பின்பு ஒரு முழக் கயிற்றை மாட்டி, முற்றத்தில் நம் கண்முன்னே இழுத்துத் திரிய விடலாம். கயிற்று நுனியில் கைவளையம் இருத்தலாகாது, வேலிக்கட்டையில் மாட்டிக்கொள்ளும். அதன்பின் நுனியை நாம் பிடித்து, முதலில் அது போகும் வழியே நாமும் போகவேண்டும். கமக்காரர் பலருக்கு இது நகைப்பாயிருக்கும். நாயின் பின்னால் மனிதன் போவதா என்பர். இரண்டு நாள் மட்டும் போனாற் போதும். மூன்றாம் நாள் நாம் குந்தியிருந்து பெயர் சொல்லி அழைத்து, வந்ததும் மீன் கொடுத்து, அடுத்தபடி இரண்டடி தள்ளி அழைத்தால் அது நம் வழிக்கு வந்துவிடும்.

குட்டி இழுத்தால் மரம்போல் நிற்க. சுண்டி இழுக்கவும் வேண்டாம். பின்னால் ஓடவும் வேண்டாம். அது திரும்பிப் பார்க்கும். கயிறு ஊஞ்சற் கயிறுபோல் வளைந்து தொங்கும். அக்கணமே நடக்கத் தொடங்குக. ஒருமுறை இழுத்ததற்கு இணங்கி நடந்துவிட்டால் முன்னைய பத்து முறையும் வீணாகும். வீட்டிலுள்ள எல்லாரும் இம்முறையையே கையாளவேண்டும். தகப்பன் நிற்கவும் பிள்ளை ஓடவுமாயிருந்தால் குட்டிக்கு எதுவும் விளங்காது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை என்பதற்கு மேற் செல்லவேண்டாம்.

வளவுக்கு வெளியே

வீட்டில் நன்றாக நடந்த குட்டி ஒழுங்கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும். தடுப்பூசிகள் முடியுமுன் தெருநாய்கள் கூடுமிடத்தில் இறக்கிவிடுதல் ஆகாது; பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் குட்டிகளைக் கொல்லும் நோய். ஆனால் அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தலும் தவறு. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையிற் கண்டும் கேட்டும் பழகியவற்றை நாய் பின்பு அஞ்சுவதில்லை. ஆகவே கையிலே தூக்கிச் சென்று உழவு இயந்திரத்தின் இரைச்சலையும் சந்தையையும் தொலைவிலிருந்து காட்டுக. 1990இல் நின்றுபோன தலைமன்னார் இரயில் 2015 மார்ச் 14ஆம் நாள் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாதைக்கு அருகில் வாழ்வோர் அதன் ஊதலையும் குட்டிக்குப் பழக்கவேண்டும்; திகைத்தோடும் நாய் ஓடுவது பெரும்பாலும் தண்டவாளத்தின் மேலேயே.

நம் மணல் பகலில் அடுப்புத் தாச்சிபோற் சுடும். புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால் குட்டியின் உள்ளங்காலும் பொறுக்காது. விடியற்காலையும் மாலையுமே நடைக்கு ஏற்றவை. திரும்பியதும் கால்விரலிடையில் நெருஞ்சி முள்ளும் காதுமடலில் உண்ணியும் உண்டா என்று பார்க்கவேண்டும். கடற்கரையில் வலைகாரர் எறிந்த பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்தில்லை. கயிறில்லாத குட்டி அதை விழுங்கிய பின்பு நாம் செய்யக்கூடியது சிறிதே. மருந்து தெளித்த தோட்டமும் எலிப்பாஷாணம் வைத்த வரம்பும் அத்தகையனவே.

கழுதையை விரட்ட நாய் வேண்டுமென்போரும் குட்டிப் பருவத்தில் அதைக் கழுதைமேல் ஏவலாகாது. ஒரே உதையில் தாடை முறியும். கழுதையைக் கண்டதும் குட்டியின் கவனத்தை மீனால் நம் பக்கம் திருப்பி, கயிறு தளர்ந்தபடியே கடந்து செல்லப் பழக்குக. வளவுக்குள் நின்று குரைத்தாலே கழுதை விலகும். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008இல் அமைக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. அப்பக்கமாக வயலுக்குப் போவோர் நாயைக் கயிற்றிலேயே கொண்டுசெல்க. நெடுந்தூரம் பறந்துவந்து இளைப்பாறும் பறவைகளை விரட்டி விளையாடுவது நாய்க்குப் பெரும் ஆசை.

கயிறும் ஊசியும்

நாயைப் பதிவு செய்தல் இந்நாட்டில் 1901 முதலே சட்டத்தில் உள்ளது. விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்படவேண்டும். குட்டிக்கு முதலூசி எவ்வயதில் என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறிக. ஊசி போட வரும் நாளில் ஊரிற் காணும் காட்சி யாதெனில், பிடிக்கக்கூடிய நாய்களெல்லாம் ஊசி பெறுகின்றன. பிடிக்க முடியாதவை பனங்கூடலுக்குள் ஓடிவிடுகின்றன. ஓடிய நாய்தான் இரவில் குள்ளநரியோடும் ஊர் நாயோடும் கடிபடுவது. விசர்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் மனிதனாயினும் விலங்காயினும் பிழைப்பது இல்லை என்றே கொள்ளவேண்டும். குட்டியின் பல் கீறினாலும் கூட, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசினர் மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிவிட்டு இருத்தலாகாது.

ஆதலால் கயிற்றுப் பழக்கத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பழக்குக. பட்டியை மாட்டியபின் ஒருவர் பிடித்திருக்க, மற்றொருவர் பிடரித் தோலை மெல்ல இரு விரலாற் கிள்ளி உடனே மீன் கொடுக்கட்டும். வாரத்தில் இரண்டு முறை இப்படிச் செய்துவந்தால் ஊசி நாளில் நாய் வைத்தியரின் கையில் மீனைத் தேடும்.

இரவிற் பட்டியைக் கழற்றிவிடுக. மணல் சேர்ந்து உரசிக் கைக்குழியிற் புண் உண்டாகும். நான்காம் மாதம் முதற் பல் விழுந்து முளைக்கும் காலமாதலால் விடியுமுன் பட்டியைத் தின்றும்விடும். வளர்ந்த நாயைக் காவலுக்காகக் கட்டவேண்டியிருப்பின், இரு கட்டைகளுக்கிடையே நீளக் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்திற் கட்டி, நிழலும் நீரும் எட்டுமாறு வைக்கவேண்டும். கம்பியின் இரு முனையும் வேலியிலிருந்தும் கிணற்றுக் கட்டிலிருந்தும் நாயின் கயிற்று நீளத்துக்கு மேல் விலகியிருத்தல் வேண்டும்.